அல் குசைஸில் உடையாத பூசணி

சிரிக்கிற காயை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்த்த பிறகு நம்பவும் இல்லை.

துபாய் அல் குசைஸில் ஒரு பெரிய கடையின் வாசலிலேயே அவற்றைக் குவித்து வைத்திருந்தார்கள். ஆரஞ்சு நிறப் பூசணிகள். நாலைந்துக்குக் கண், மூக்கு, பல் எல்லாம் வெட்டி, உள்ளே சின்ன விளக்கைப் பொருத்தியிருந்தார்கள். வெளியே அக்டோபர் வெயில் தார் ரோட்டை நக்கிக்கொண்டிருந்தது. உள்ளே செயற்கைக் குளிரில் காய்கள் இளித்துக்கொண்டிருந்தன.

"ஏக்கா, அது வெள்ளக்காரன் திருவிழா. பேய்க்காக வாசல்ல வைப்பாங்களாம்" என்றான் தம்பி கதிரேசன்.

"பேயை விரட்டவா, வரச்சொல்லியா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வா, தயிர் வாங்கணும்."

எதைக் கேட்டாலும் அவனுக்குத் தயிர் வாங்க வேண்டியிருந்தது. லீவைப் பற்றிக் கேட்டேன், தயிர். பாஸ்போர்ட் எங்கே என்றேன், பால்.

அருப்புக்கோட்டையில் மனைவி செல்வியையும் மகனையும் விட்டுவிட்டு வந்தவன் அவன். ஒரு லாண்டரியில் இஸ்திரிக்காரனாகச் சேர்ந்து, இப்போது கடையையே பார்த்துக்கொள்கிறான். என் மகள் யாழினிக்குத் தையில் கல்யாணம். தாய்மாமன் இவன் ஒருவன்தான். மாலை எடுத்துக் கொடுக்க, மணவறைக்குக் கைப்பிடித்துக் கூட்டி வர இவன் நிற்க வேண்டும். மூன்று வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. கேட்டால், "லீவு இல்லக்கா." போனில் வருகிற குரலுக்கு முகம் கிடையாது, முகத்தைப் பார்த்தே கேட்டுவிடுவோம் என்று விசிட் விசாவில் வந்திறங்கினேன். துபாயில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறானோ என்று செல்வி வாய்விட்டுக் கேட்டதில்லை. அவளுக்கும் சேர்த்து நான் சந்தேகப்பட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று சித்தப்பா மகன் மாரியிடம், "கதிரேசன் வராட்டி நீதான் தாய்மாமன் எடத்துல நிக்கணும்" என்று சொல்லிவைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

லாண்டரிப் பையன்கள் தங்கும் ரூமில் ஒரு பெண் தங்க முடியாது. கடை முதலாளி சுலைமான் பாய் வீட்டில் இடம் கொடுத்தார்கள். காயல்பட்டினத்துக்காரர். அவர் மனைவி ஜெய்னம்பு முதல் நாளே எனக்குக் கட்டில், புதுப் போர்வை, தலையணைக்குப் பக்கத்தில் ஒரு தட்டு பேரீச்சம்பழம் எல்லாம் வைத்தாள். இவ்வளவு கவனிப்பு எதற்கு என்று யோசித்துக்கொண்டே பேரீச்சம்பழம் முழுவதையும் தின்றேன். தம்பியின் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு அக்காவுக்கு விருந்து வைக்கிறார்களோ?

மறுநாள் அந்த வீட்டுக்குள்ளும் ஒரு ஆரஞ்சுப் பூசணி வந்து உட்கார்ந்தது. அவர்கள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அதற்கு முகம் வெட்டும் போட்டியாம். குழந்தை இங்கிலீஷும் தமிழும் கலந்து பேசினாள். "ஆன்ட்டி, பயமா இருக்கா?" என்று அதன் வாய்க்குள் விரலை விட்டு ஆட்டினாள். சுரண்டி எடுத்த சதையைக் கொட்ட மனசில்லாமல் ஜெய்னம்பு தேங்காய்ப்பால் விட்டு ஆணம் வைத்தாள். ஆணம் என்றால் அவர்கள் ஊரில் குழம்பு.

"எப்படி இருக்கு அக்கா?"

"இனிப்பா இருக்கு." நம் பரங்கிக்காய் அளவுக்குக்கூட ருசி இல்லை. பார்க்கத்தான் லட்சணம். தண்ணீரும் நாருமாய், பேசிக்கொண்டே இருந்து ஒன்றும் சொல்லாத உறவுக்காரர் மாதிரி இருந்தது.

"பொய்யி" என்று சிரித்தாள். "என் மாப்பிள்ளைகூட ஒரு கரண்டியோட எழும்பிட்டாங்கோ." மாப்பிள்ளை என்று அவள் சொன்னது பாயை.

கடை கீழ்த்தளத்தில். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அங்கே இன்னொரு வேலை தொடங்கியிருந்தது. வெயில் காலம் முழுக்க அரபிகள் உடுத்துவது வெள்ளைவெளேரென்ற பருத்தி அங்கி. காற்றில் லேசாகச் சூடு குறைந்ததும் பெட்டிகள் திறக்கும். பழுப்பு, சாம்பல், கருநீலம் என்று கம்பளிக் கலப்பு அங்கிகள் வெளியே வரும். எல்லாவற்றிலும் அந்துருண்டை நெடி. அவற்றை நீராவியில் எழுப்பி, ஒரே திசையில் பிரஷ் போட்டு, நிழலில் ஆறவிட்டு, சாம்பிராணி மாதிரி ஒரு வாசனைக் கட்டைப் புகை காட்டி அனுப்ப வேண்டும். வெள்ளைத் துணிகள் பெட்டிக்குள் போகிற முறை. ஒரு நாட்டு ஜனமே ஒரு வாரத்தில் நிறம் மாறுவதைக் கம்பிக் கொடியில் வரிசையாகப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் குளிருக்கென்று ஒரு மங்கி குல்லாயும், கொடைக்கானல் போக ஒருமுறை வாங்கிய ஸ்வெட்டரும் உண்டு. ஸ்வெட்டரை இப்போது மிக்ஸிக்கு உறையாகப் போட்டிருக்கிறேன்.

பாயிடம் நேராகவே கேட்டேன். "அண்ணே, என் தம்பி பாஸ்போர்ட் உங்ககிட்டயா இருக்கு?"

"கஃபீல்ட்ட இருக்கு தங்கச்சி." கஃபீல் என்றால் விசாவுக்குப் பொறுப்பான உள்ளூர்க்காரர், அவர் கையெழுத்தில்லாமல் கடையும் கிடையாது, லீவும் கிடையாது. "அவர் வீட்டுல கல்யாணம் வருது. அவருட பிஷ்த் நம்மட்டத்தான் வந்திருக்கு. நல்லபடியாக் குடுத்துட்டு, அந்தக் கையோட நானே கேக்குறேன்."

பிஷ்த் என்பது விசேஷங்களுக்கு அங்கியின் மேல் போட்டுக்கொள்ளும் போர்வை மாதிரியான உடை. கஃபீலுடையது ஒட்டக ரோமத்தில் நெய்தது, பாலேட்டு நிறம், கழுத்தோரம் தங்க ஜரிகை. உள்ளறையில் தனியாக, நோயாளி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கதிரேசனைத் தவிர யாரும் தொடுவதில்லை.

ஒரு நாள் காலையில் பஸ் பிடித்துக் கடற்கரைப் பக்கம் போகலாம் என்று கிளம்பினேன். ரோட்டின் நடுவே ரயில் பாதைக்காக எழுப்பிய தூண்கள் மேலே எதுவும் இல்லாமல் வரிசையாக நின்றன. தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்கிற தூணைப் பார்த்தால் எனக்குள் ஏதோ கெட்ட யோசனை வரும். அந்த யோசனையில் எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறிவிட்டேன். முன்சீட்டில் நான் ஒருத்திதான் பெண். பஸ் போகப் போகக் கட்டடங்கள் தாழ்ந்து, ஜன்னலுக்கு ஜன்னல் நீல உடுப்புகள் காய்கிற இடத்தில் போய் நின்றது. சோனாப்பூர், தொழிலாளர் கேம்ப்புகள் இருக்கிற இடம். ஆண்கள், எங்கு பார்த்தாலும் ஆண்கள். இரவு ஷிப்ட் முடிந்து திரும்பியவர்கள், அம்மன் சிலை வழிதவறி வந்துவிட்டது போல என்னைப் பார்த்தார்கள்.

"யம்மா, நீங்க எங்கிட்டு இங்க?" கமுதிக்காரர் ஒருவர் ஓடிவந்தார். தோளில் ஹெல்மெட். கேண்டீனிலிருந்து பரோட்டாவும் சாயாவும் வாங்கிக் கொடுத்து, திரும்பும் பஸ் வரும்வரை காவல் நின்றார். யார் வீட்டுக்கு வந்தேன் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது.

"லாண்டரி கதிரேசனா? எங்க கேம்ப் உடுப்பு பூராம் அங்கதான போடுறோம்! தங்கமான மனுசன்மா. போன வருசமும், அதுக்கு முந்தின வருசமும் லீவு கெடச்சிச்சு அவருக்கு. எனக்கு வேணாம்னு சொல்லி கூட வேல பாக்குற ஏகாம்பரத்த அனுப்பி வச்சாரு. அந்த மனசு யாருக்கு வரும்?"

பரோட்டாவைத் தட்டிலேயே வைத்தேன். லீவு கிடைத்திருக்கிறது. இவன்தான் போகவில்லை.

அன்றிலிருந்து தம்பியை ஒரு வேவுக்காரி மாதிரி பார்த்தேன். போன் வந்தால் வெளியே போய்ப் பேசினான். புதுச் சட்டை போட்டிருந்தான். யாருக்காக? தலைக்குச் சாயம் அடிக்கிறானா? ஜெய்னம்புவிடம் சுற்றி வளைத்துக் கேட்டால், "உங்க தம்பிக்கு இஸ்திரிப் பெட்டிதான் பொஞ்சாதி" என்றாள். அதையும் நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை.

ஆயுத பூஜை வந்தது. கடையில் இஸ்திரிப் பெட்டிகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பிரஸ் மிஷினுக்கு மாலை போட்டார்கள். பூசணி வாங்கப் போன ஏகாம்பரம் ஆரஞ்சுக் காயோடு வந்து நின்றான்.

"என்னடா இது?" என்றான் கதிரேசன்.

"அண்ணே, வெள்ளப் பூசணி எங்கயும் இல்ல. குசைஸ்ல இருக்க ஒர்க்‌ஷாப்புக்காரன் பூராம் காலையிலயே அள்ளிட்டுப் போயிட்டான். மூஞ்சி வெட்டாததாப் பாத்துத்தான் வாங்கியாந்தேன்."

பாய் கல்லாவை ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு இதில் என்ன அக்கறை என்று நான் பார்த்த பார்வை அவருக்குப் புரிந்துவிட்டது. "நான் நம்பல தங்கச்சி. ஆனா ஒரு வருசம் உடைக்காம விட்டோம், பாய்லர் புட்டுக்கிச்சு. என் பாய்லர் நம்புது, நான் என்னா செய்ய? ரோட்டுல மட்டும் போட்டுராதீங்கோ, முனிசிபாலிட்டிக்காரன் புடிச்சுக்குவான்."

அதனால் அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பூசணிக்குள் குங்குமத்தைக் கொட்டி, மேலே கற்பூரம் ஏற்றிச் சுற்றி, கற்பூரம் அணைந்ததும் துணி போடுகிற பெரிய பிளாஸ்டிக் கவருக்குள் வைத்து முடிச்சுப் போட்டு, கடைக்குள்ளேயே தரையில் அடிப்பது. வெள்ளைப் பூசணி என்றால் ஒரே அடி. சத்தம் கேட்கும், சிதறாது. அள்ளிக் குப்பையில் போட்டுவிடலாம்.

ஏகாம்பரம் தூக்கிப் போட்டான். தொம்மென்றது. உருண்டுபோய் இஸ்திரி மேசைக்கடியில் நின்றது. உடையவில்லை. எடுத்து மறுபடி போட்டான். கவருக்குள் ஒரு விரிசல்கூட இல்லை.

"யக்கா, இது வெள்ளக்காரன் காயி. தமிழ்ல திட்டுனா புரியாது போல."

"யல்லா, யல்லா" என்றார் பாய், கடிகாரத்தைப் பார்த்து.

உடையாத பூசணி எந்த ஊரிலும் நல்லதற்கில்லை. கடைசியில் கதிரேசன் வாங்கி, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, பிரஸ் மிஷினின் இரும்புக் காலில் ஓங்கி அடித்தான். காயும் உடைந்தது, கவரும் கிழிந்தது. செந்தண்ணீர் பீறியடித்தது. எல்லோரும் சிரித்தபடி தரையைத் துடைத்தார்கள். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

காலையில் பாயின் குரல் மாடிவரை கேட்டது. இறங்கிப் போனேன். மிஷினுக்குப் பக்கத்துக் கொடியில் கஃபீலின் பிஷ்த். பாலேட்டு நிறத்தின் கீழ்விளிம்பில், குத்துப்பட்டவன் ஓடியது போலச் சிவப்புச் சொட்டுகள். மறுநாள் டிரைவர் வந்து வாங்கிப் போக வேண்டியது.

பாய் ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் மிஷினைப் பார்த்தான். நான் கதிரேசனைப் பார்த்தேன். ஏனென்றால் முந்தின நாள் மதியம் அந்த பிஷ்தை உள்ளறையிலிருந்து தன் கையாலேயே தூக்கிவந்து மிஷினுக்குப் பக்கத்தில் மாட்டியது அவன்தான். நான் கண்ணால் பார்த்தேன். லீவு வேண்டாதவன், லீவு கொடுக்கிறவனின் உடுப்பை வழியில் கொண்டுவந்து வைத்தால் என்ன அர்த்தம்?

"குங்குமம் எந்தக் கடையில வாங்கினது?" என்று பாய் கேட்டார்.

"நான் கொண்டுவந்தது" என்றேன். "இங்க விக்கிறதுல என்ன சாயம் கலந்திருப்பானோன்னு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேத்து வீட்டுல நானே இடிச்சது."

பாய் நாற்காலியில் உட்கார்ந்தார். "அல்ஹம்துலில்லா. சாயமா இருந்தா கதை கலாஸ். மஞ்சதானே." கதிரேசன் அதற்குள் எலுமிச்சம்பழம் அறுத்துக்கொண்டிருந்தான். பஞ்சில் நனைத்து ஒற்ற ஒற்ற, சிவப்பு மஞ்சளாக இறங்கியது. மஞ்சள் மட்டும் போகவில்லை. மஞ்சளை வெயில்தான் தின்னும். ஆனால் ஒட்டக ரோமத்தை வெயிலில் போடக் கூடாது, விறைத்துவிடும், ஜரிகையும் கறுத்துவிடும். ஆண்கள் மூவரும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். முடிவில் மொட்டைமாடியில் கட்டில் போட்டு, பிஷ்தை விரித்து, முழுக்க வெள்ளைத் துப்பட்டியால் மூடி, கறைபட்ட விளிம்பை மட்டும் வெயிலுக்குக் காட்டுவது என்றானது. காற்றுக்குத் துப்பட்டி நகராமல் நாலு மூலையிலும் இஸ்திரிப் பெட்டிகளை வைத்தோம். காவலுக்கு நானும் தம்பியும்.

டிஷ் ஆன்டெனாக்களுக்கு நடுவே உட்கார்ந்தோம். தயிர் வாங்கப் போக முடியாத இடம்.

"நீ வேணும்னுதான பண்ணுன?"

"எத?"

"அந்த அங்கிய மிஷின்கிட்ட கொண்டாந்து மாட்டுனது யாரு?"

"அந்துருண்டை வாசம் போகல, காத்தாடட்டும்னு மாட்டுனேன். பூசணி இப்பிடிப் பீச்சியடிக்கும்னு கனவா கண்டேன்? ஏக்கா, வரலைன்னா வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன். அதுக்குப் போயி அடுத்தவன் உடுப்புல கறையப் போடுவனா? நான் லாண்டரிக்காரன்."

"ரெண்டு லீவையும் ஏகாம்பரத்துக்குக் குடுத்திருக்க."

அவன் துப்பட்டியைச் சரிசெய்தான். "யாரு சொன்னா?"

"சோனாப்பூர்ல சொன்னாங்க."

"நீ எப்ப சோனாப்பூர் போன?"

"பஸ் கொண்டுபோச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்து, நின்றது. குனிந்து, கறைபட்ட விளிம்பை நீவிவிட்டான். பிறகு அதனிடமே பேசுவது போலச் சொன்னான்.

"போன தடவ வந்தப்ப செல்வி பீரோவத் தொறந்து என் சட்டைய எடுத்துக் குடுத்தா. அந்துருண்டை போட்டு, மடிப்புக் கலையாம அம்புட்டுப் பத்திரமா வச்சிருந்தா. போட்டா நெடி தாங்கல. என் பய பக்கத்துல வந்து மூக்கப் பொத்திக்கிட்டான். அவன் தப்பில்ல. ஆனா ஒரு மாசமும் அப்பிடித்தான்க்கா இருந்துச்சு. எனக்குன்னு தனித் தட்டு, தனிச் சோப்பு, நல்ல பாயி. யாரும் ஒரு வேல சொல்லல, ஒரு வார்த்தை வையல. சீசனுக்கு எடுத்துப் போட்டாங்க, சீசன் முடிஞ்சதும் மடிச்சு ஏத்திவிட்டாங்க. இந்த அரபி உடுப்பு மாதிரி. இங்கயாவது நாலு பேரு என்னைய வைவான்."

நான் என்னென்னவோ சந்தேகப்பட்டுக் கடல் தாண்டி வந்திருந்தேன். இதைச் சந்தேகப்படத் தெரியவில்லை.

"சரி, யாழினிக்கு நீதான மாமன்" என்றேன்.

"மாரிக்குப் பட்டுச் சட்டை தைக்கக் குடுத்தாச்சாமே?"

வெயில் சட்டென்று என் முகத்துக்கு ஏறியது. "யாரு சொன்னா?"

"செல்விதான். நான் வெளிய போயிப் போன் பேசுறப்பல்லாம் எட்டிப் பாத்தியே, அவகூடத்தான் பேசிக்கிட்டிருந்தேன்."

"தைக்கக் குடுக்கல. அளவுதான் கேட்டேன்."

"அளவு எடுத்த எடத்துல நான் வந்து என்னத்த நிக்கிறது?"

"நீ டிக்கெட்டப் போடு, நான் மாரிகிட்ட வேணாம்னு சொல்றேன்."

"நீ மொதல்ல மாரிகிட்ட சொல்லு. நான் டிக்கெட்டப் போடுறேன்."

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். நடுவில் யாரோ ஒருவருடைய கல்யாண உடுப்பு. சூரியன் நகர நகர நாங்கள் கட்டிலை நகர்த்தினோம். மஞ்சள் வெளிறி, எலுமிச்சை நிறமாகி, சாயங்காலம் தேடினால் மட்டும் தெரிகிற ஒரு நினைப்பாக மிஞ்சியது. ஜெய்னம்பு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தபடியே இறங்கிப் போனாள்.

மறுநாள் கஃபீலின் டிரைவர் வந்தார், பெஷாவர்க்காரர். வாசனைப் புகை ஏற்றி மடித்து வைத்திருந்த பிஷ்தைப் பிரித்தார். முகர்ந்தார். ஜரிகையைத் தடவினார். விளிம்பை விரலால் தள்ளிக்கொண்டே வந்தவர், அந்த இடத்தில் கட்டைவிரலை ஒரு கணம் நிறுத்தினார்.

"அச்சா?" என்றார் பாய்.

"அச்சா, பாய்" என்றார் டிரைவர். மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குத் தெரிந்ததா, தெரிந்தும் விட்டாரா? இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

கஃபீல் வீட்டுக் கல்யாணம் முடிந்த மறுநாள் பாய் ஒரு கவருக்குள் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கதிரேசன் கையில் கொடுத்தார். "லீவுக்கும் சரின்னுட்டார். வேற ஒண்ணும் கேக்கல. இந்தத் தடவ ஏகாம்பரத்துக்குக் கொடுத்தியோ, நானே உன்னைப் பெட்டியில வச்சு அனுப்புவேன்."

இப்போது சாக்குச் சொல்ல யாருக்கும் ஒன்றும் மிச்சமில்லை. கஃபீல் இல்லை, பாய் இல்லை, லீவு இல்லை என்ற சொல்லும் இல்லை. இரண்டு பேரும் பக்கத்துத் தெருவிலிருந்த டிராவல்ஸ் கடைக்கு நடந்து போனோம். கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு மலையாளிப் பையன். எங்களைக் கண்டதும் தமிழுக்கு மாறினான்.

கதிரேசன் பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தான். அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. மறு கையால் தன் மொபைலை என்னிடம் நீட்டினான். மாரியின் நம்பர் ஏற்கெனவே அழுத்தியிருந்தது. மணி அடித்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க பெரியம்மா மகளே!" என்று மாரி உற்சாகமாக எடுத்தான். அவனுக்கு என்னைக் கேலி செய்யாமல் பேச வராது. "துபாய்ல இருந்து என்ன கொண்டாரீக?"

"மாரி, கல்யாணத்தன்னைக்கு நீ பந்தியப் பாத்துக்கிட்டாப் போதும்டா. யாழினி மாமன் வர்றான்."

"அப்பாடா" என்றான் மாரி. "இல்லாட்டி அந்த மாலையக் கட்டிக்கிட்டு நான்ல அலையணும்!"

கதிரேசன் பாஸ்போர்ட்டிலிருந்து கையை எடுத்தான். பையன் தட்டிக்கொண்டே கேட்டான். "ஒன் வேயா சேட்டா, ரிட்டர்னா?"

"ரிட்டர்ன்" என்றான் தம்பி, என் பக்கம் பார்க்காமல். எனக்குள் பழைய புழு நெளிந்தது. தாலி ஏறிய மத்தியானமே பெட்டியைக் கட்டுவான். சாப்பாட்டுக்கு உட்காருவானோ என்னவோ.

"எந்த நாள் திரும்பி?"

அவன் சுவரில் தொங்கிய காலண்டரை நிமிர்ந்து பார்த்தான். உதடு அசைய எதையோ கணக்குப் போட்டான்.

"மறுவீடு எப்பக்கா?"

சொன்னேன்.

"மறுவீடு முடிஞ்சு ரெண்டு நாளு கழிச்சுப் போடுங்க. பாத்திரமெல்லாம் திருப்பிக் குடுக்கணும், பந்தல் பிரிக்கணும். ஆள் இருக்காது" என்றான்.

அந்த இரண்டு நாளை மட்டும் நான் சந்தேகப்படவில்லை.